முனாப் நானா சட்டத்தரணி பிடித்த கதை

கண்ணாடியை ஒரு விரல் அளவு கீழே திருப்பிவிட்டுத்தான் முனாப் நானா ஓட்டோவை எடுப்பார். பின்னால் வரும் வாகனம் அதில் தெரியாது. பின்னால் இருப்பவரின் முகம் தெரியும். "ரோட்டைப் பார்க்க ரெண்டு கண் முன்னுக்கு இருக்கு டீச்சர். கண்ணாடி ஆளைப் பார்க்கத்தான்" என்பார். ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். ஊருக்குள் திரியும் மான்கள் வீதியில் குறுக்கிட்டால் ஹோர்ன் அடிக்கமாட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, அவை கடைக்காரர் எறிந்த வாழைப்பழத் தோலை ஆறுதலாகத் தின்று முடிக்கும்வரை இருப்பார். பள்ளிக்கூட மணி எனக்குத்தான் அடிக்கும், அவருக்கில்லை.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஓட்டோத் தரிப்பிடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக நிற்கிறார். வயது ஐம்பத்து மூன்று. மெலிந்த உடம்பு. அவரிடம் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் காணி அலுவலாக வருகிறவர்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் திரியாயிலிருந்தும், காணி உறுதிப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். சட்டத்தரணியிடம் போகும்போது எல்லாரும் கெட்டிக்காரர்களாகப் பேசுவார்கள். திரும்பும்போதுதான் உள்ளே நடந்தது வெளியே வரும். அதனால் ஊரிலுள்ள சட்டத்தரணிகளை அவர்களுடைய மனைவிமாருக்குத் தெரிவதைவிட அவருக்குக் கூடத் தெரியும்.

ஆனால் ஒருவருடைய பெயரையும் சொல்லமாட்டார். "அண்ணை, காணி எழுத நல்ல லோயர் ஒராள் சொல்லுங்கோவன்" என்று திரியாய்க்காரர் ஒருவர் நான் இருக்கும்போதே கெஞ்சிக் கேட்டார். "எல்லாரும் படிச்ச ஆக்கள்தான். இறங்கி போர்ட்டை வாசிச்சுப் பாருங்க" என்றார் முனாப் நானா. அன்று அவரை நானும் கல்நெஞ்சக்காரர் என்றுதான் நினைத்தேன்.

காரணத்தைப் பிறகொரு நாள் சொன்னார். பதினைந்து வருடங்களுக்கு முன் தம்பலகாமத்திலிருந்து குணேஸ்வரி என்ற பெண், கணவனை இழந்தவர், மகள்மாரை நகரத்தில் படிக்கவைப்பதற்கு ஒரு துண்டுக் காணி வாங்க வந்தார். முனாப் நானாதான் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனார். அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்தது. குணேஸ்வரி சிரித்த முகத்தோடு வந்து ஓட்டோவில் ஏறினார். ஆறு மாதம் கழித்து, அந்தக் காணி அதற்கு முன்பே வேறொருவருக்கு எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. காணிப் பதிவகத்தில் யாரும் போய்ப் பார்த்திருக்கவில்லை. வழக்கு ஏழு வருடம் இழுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் முனாப் நானா பஸ் நிலையத்தில் காத்து நின்று அவரை நீதிமன்றத்துக்கு ஏற்றிப்போனார். "அந்த மனிசி ஒரு நாளும் என்னைக் குறை சொல்லல டீச்சர். சொல்லியிருந்தாச் சுகமா இருந்திருக்கும்."

போன வருடம் அவருடைய முறை வந்தது.

துறைமுகத்துக்குப் போகும் ஒழுங்கையொன்றில், இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் கொண்ட வீட்டில் அவரும் மனைவி லைலாவும் பதினெட்டு வருடங்களாக வாடகைக்கு இருந்தார்கள். மகள் ஷிஃபானா பிறந்தது அங்கேதான். வீட்டுக்காரர் அஷ்பாக் கட்டாரில் இருந்தார். வீட்டை விற்றுத் தரும்படி, தனக்காக ஒப்பமிட அற்றோர்னிப் பத்திரம் கொடுத்து, மருமகன் இஹ்ஸானை அனுப்பியிருந்தார். இஹ்ஸான் வாசலில் நின்றபடியே கதைத்தார். "ரெண்டு மாசம் தாறம் நானா. வாங்கினா உங்களுக்கு. இல்லாட்டி ஹோட்டல் போட ஒரு பார்ட்டி நிக்கிது. லோயரைத் தேடி நீங்க அலையத் தேவையில்ல. எங்கட ஆளே ரெண்டு பக்கத்தையும் செய்வார். வெள்ளிக்கிழமை ஒப்பம் வச்சா முடிஞ்சு."

'முடிஞ்சு' என்ற அந்தச் சொல்தான் முனாப் நானாவைக் கலக்கிவிட்டது. தனக்கு வேறு லோயர் வேண்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். ஆனால் யார்? இரண்டு கிழமை கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டினார். "ஊருக்கெல்லாம் லோயரைத் தெரிஞ்ச மனிசன், ஒரு வீட்டுக்கு ஒராளைப் பிடிக்கத் தெரியாம நிக்கிது" என்று லைலா என்னிடமே முறையிட்டார்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தன் கணக்கைச் சொன்னார். "பெரிய போர்ட் போட்ட லோயர்ட்ட போனவங்க, 'எல்லாம் சேர் பார்த்துக்கொள்ளுவார்' எண்டுதான் வாறாங்க. என்னத்தைப் பார்ப்பார் எண்டு கேட்டா ஒராளுக்கும் தெரியாது. அடுத்த லோயர்ட்ட போனா பிளேன்டியும் பிஸ்கட்டும் வருமாம், அரை மணித்தியாலத்துல வேலை முடியுமாம். குணேஸ்வரிட அலுவலும் அரை மணித்தியாலத்துலதான் முடிஞ்சது. போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல கீர்த்தனி எண்டு ஒரு லோயர் மிஸ் இருக்கிறா. அந்தப் புள்ளையைத் திட்டாம ஒராளும் அந்தப் படியால இறங்கினதில்ல. மூணாம் தரம் வாறன், இன்னும் ஒரு பேப்பர் துண்டு குறையுதாம் எண்டுவாங்க. மூதூர் முதலாளி ஒராள் கோவத்துல செருப்பை விட்டுட்டே வந்துட்டார். ஆனா டீச்சர், அங்க எழுதின காணிக்கு வழக்கெண்டு கோட்டடிக்குப் போன ஒராளையும் நான் இன்னும் ஏத்தல."

மறுநாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு செங்குத்தான அந்தப் படிகளில் ஏறினார்.

கீர்த்தனிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு கடற்கல் வைத்திருந்தார். பிளேன்டி வரவில்லை. கேள்விகள் வந்தன. வீட்டுவரி யாருடைய பேரில் வருகிறது? கிணறு யாருடையது? குசினி எந்த வருடம் கட்டியது? அஷ்பாக்குக்கு வீடு எப்படிக் கிடைத்தது, வாங்கினாரா, தாய் கொடுத்தாரா? அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்? முனாப் நானாவுக்கு வியர்த்தது. "எத்தனை நாள் எடுக்கும் மிஸ்?" என்று கேட்டார். "தெரியாது நானா. பதிவகத்தில பார்க்காமல் நான் நாள் சொல்லமாட்டன்."

படி இறங்கும்போது, "ஐயோ, பொலிஸ்ல கூட இப்பிடிக் கேட்கமாட்டாங்க" என்று முணுமுணுத்தார். தானும் திட்டிக்கொண்டே இறங்குவது உறைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் கீர்த்தனி கூப்பிட்டனுப்பினார். அஷ்பாக்கின் தாய் 1994இல் வீட்டை மகனுக்கு நன்கொடையாக எழுதியபோது ஒரு வரி சேர்த்திருக்கிறார். மூத்த மகள் ஸல்ஹாவுக்கு அந்த வீட்டில் சீவிய உருத்து உண்டு. அதாவது, உயிரோடு இருக்கும்வரை அவர் அங்கே குடியிருக்கலாம். "நீங்கள் வீட்டை வாங்கலாம் நானா. ஆனால் நாளைக்கு அந்த அம்மா ஒரு பெட்டியோட வந்து வாசலில நிண்டால், போங்கோ எண்டு சொல்ல உங்களுக்கு ஏலாது." இஹ்ஸானிடம் கேட்டபோது அவர் கையை விசிறினார். "அது பழைய கதை. ஸல்ஹா மாமி கிண்ணியாவுல மகளோட இருக்கிறா. அவ இனி எங்க வரப்போறா."

அந்த ஞாயிற்றுக்கிழமை முனாப் நானாவும் கீர்த்தனியும் நானும் கிண்ணியாவுக்குப் போனோம்.

ஸல்ஹாவுக்கு எழுபது வயது. பிள்ளைகளின் உடுப்புக் கடையொன்றைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். வீடு விற்பனைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. கீர்த்தனி அதையும் உறுதியிலிருந்த அந்த வரியையும் சொல்லக் கேட்டுவிட்டு, கையிலிருந்த சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தார். "தம்பி என்னட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றார். பிறகு முனாப் நானாவைப் பார்த்தார். "நீங்களா அங்க இருக்கிறது? பின்வளவுல முருங்கை நிக்கிதா?"

"அது காத்துக்கு விழுந்துட்டு. அதுட கொப்பொண்டை நட்டு வச்சிருக்கன். இப்ப காய்க்குது."

அவர் தலையை ஆட்டினார். "சரி. எங்க ஒப்பம் வைக்கோணும்?"

முனாப் நானாவின் கை சட்டைப் பையிலிருந்த பேனைக்குப் போய்விட்டது. கீர்த்தனி கோப்பை மூடினார். "இண்டைக்கு வேண்டாம் அம்மா. நான் முனாப் நானாவின்ர ஆள். உங்களுக்குச் சொல்லவேண்டியதை உங்கட ஆள் ஒராள்தான் சொல்லவேணும். நம்பிக்கையான லோயர் ஒருத்தரிட்டை இதைக் காட்டுங்கோ. இது உங்கட உருத்து. விட்டுக் குடுத்தால் திரும்பி வராது."

முனாப் நானா பேனையிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வரும் வழியில், கிண்ணியாப் பாலம் தாண்டியதும் ஓட்டோவை ஓரங்கட்டினார். கண்ணாடியைப் பார்க்காமல் உடம்பையே திருப்பிக் கேட்டார். "மிஸ், நீங்க என்ட லோயரா, அவங்கட லோயரா?"

"உங்கட லோயர்தான். நாளைக்கு அவவின்ர பிள்ளைகள் வந்து, தாய்க்கு விளங்காமல் ஒப்பம் வாங்கினது எண்டு வழக்குப் போட்டால் என்ன செய்வீங்கள்?"

முனாப் நானா முன்னுக்குத் திரும்பினார். கராம்பை எடுத்துக் கடித்துக்கொண்டு ஓட்டோவைக் கிளப்பினார்.

பதினொரு நாள் போனது. இஹ்ஸான் தினமும் தொலைபேசி எடுத்தார். ஹோட்டல் பார்ட்டி காத்திருக்கமாட்டாது என்றார். லைலா தொழுகைப் பாயை விட்டு எழும்பவே நேரமெடுத்தார். முனாப் நானா ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மீன் சந்தைவரை கொண்டுபோய்விட்டு, "டீச்சர் இங்கயா இறங்குவீங்க?" என்று கேட்டார். "நானே அவசரப்பட்டு அந்த மிஸ்ஸைப் பிடிச்சிட்டன் போல" என்று ஒருமுறை சொன்னார். அதை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் பயம் உண்மையாக இருந்தது. பதினெட்டு வருடமாகக் கூட்டிப் பெருக்கிய வாசலை விட்டு, ஐம்பத்து மூன்று வயதில் வேறு வாடகை வீடு தேட வேண்டிவரும்.

பன்னிரண்டாம் நாள் காலை ஸல்ஹா வந்துவிட்டார். மகள் சப்ரினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கொரு தரம் நின்று மூச்சுவாங்கி, போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே ஏறினார். கையில் அவருடைய சட்டத்தரணி கொடுத்த கடிதம் இருந்தது. "என்ட லோயரும் இதையேதான் சொன்னார். வேணுமெண்டா வச்சிருங்க, வேணாமெண்டா விடுங்க எண்டு. எனக்கு என்ட கடை போதும், மகள் போதும். அந்த வீடு வேணாம். ஆனா உம்மா எனக்கெண்டு ஒரு இடம் எழுதி வச்சிருந்தா எண்டது இத்தனை வருசமா எனக்குத் தெரியாது. இந்தப் புள்ள சொல்லித்தான் தெரிஞ்சது." சொல்லிவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இஹ்ஸானையும் வரவழைத்தபின், கீர்த்தனி தயாராக வைத்திருந்த உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரத்து வாசித்தார். நாற்பது நிமிடம். இஹ்ஸான் மணிக்கூட்டை எட்டுத் தரம் பார்த்தார். எல்லைகளை வாசிக்கும்போது முனாப் நானாவின் உதடுகளும் கூடவே அசைந்தன: வடக்கே ஒழுங்கை, கிழக்கே மதில். ஸல்ஹா தன் உருத்தை விட்டு ஒப்பமிட்டார். இஹ்ஸான் இட்டார். முனாப் நானா தன் பெயரை, பள்ளிக்கூடப் பிள்ளை போல, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். சாட்சிகளில் ஒருத்தியாக நானும் எழுதினேன். "நல்லா இருங்க" என்றார் ஸல்ஹா அவரிடம். முனாப் நானா தாயையும் மகளையும் ஓட்டோவில் ஏற்றிக் கிண்ணியா வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

பதிவு முடிந்த உறுதி கைக்கு வர இன்னும் ஐந்து கிழமை எடுத்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டு நான் ஓட்டோவில் இருந்தேன். கீர்த்தனியிடம் அதை வாங்கிக்கொண்டவர், என்னை என் வீட்டுக்குக் கொண்டுபோக மறந்து தன் வீட்டுக்கே ஓட்டோவை விட்டார். லைலா வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தார். முனாப் நானா உறுதியை மனைவியின் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய், முன்னறையின் நடுவில், வெறும் சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்தார்.

"பாய் போடவா?" என்றார் லைலா.

"வேணாம்" என்றார் அவர். இரண்டு கைகளையும் அகல விரித்து, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, கண்களை மூடிக்கொண்டார்.