முன்கூட்டியே போட்ட கையெழுத்து

என் அக்காவை விட்டுப் பிரிந்த அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவ்வளவு உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், தனியாக உட்கார்ந்து பதினோரு வருஷம் ஓட்டியாயிற்று. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வராது. குடும்பம் உடைந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கட்சி. மூன்று வருஷமாக நானும் அவரோடு பேசுவதில்லை.

அக்கா மகளுக்கு வலது காதில் ஆபரேஷன். பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியில், நாளை மறுநாள். இதை விட்டால் ஆறு மாசம் கழித்துத்தான் தேதி. அதற்குள் மிச்சமிருக்கிற கொஞ்சமும் கேட்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். அதனால் நான்தான் கூட்டிப்போகிறேன். தாய் தகப்பன் இரண்டு பேரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை விழுந்தால்தான் எல்லையில் பிள்ளையை விடுவார்கள். அக்காவிடம் நோட்டரி அம்மாவே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டார்.

இந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் முகத்தில் விழிக்கக் கூடாதென்று நாங்கள் அனுப்பிய மூன்று பிரதியிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, துறைமுக கேட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு கிரேனில் ஏறிவிட்டார். தன் கண் முன்னால் போடாத கையெழுத்துக்கு முத்திரை கிடையாது என்றார் நோட்டரி அம்மா. மணி மூன்றரை. ஐந்துக்கு அவர் கதவைச் சாத்துவார். காலை ஆறுக்கு எங்களுக்கு பஸ்.

துறைமுகத்துக்கு ஓடினேன். கப்பலிலிருந்து பெட்டி இறங்குகிறது, நடுவில் ஆளை இறக்க முடியாது என்று சூப்பர்வைசர் கையை விரித்தார். பிள்ளைக்குக் காது போனால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றேன். என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே வாக்கிடாக்கியை எடுத்தார். மாற்று ஆள் ஏறி, இவர் இறங்க முக்கால் மணி நேரம். எனக்கு உயிரே இல்லை.

நோட்டரி மேஜைக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம். அந்த அம்மா புதுப் பிரதியை எடுத்து, சட்டப்படி முழுவதையும் வாசித்துக் காட்டினார். அவசர நேரத்தில் சிகிச்சை பற்றிய எல்லா முடிவையும் சிறுமியின் சித்தியே எடுக்கலாம் என்ற வரி வந்ததும் இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலில் போட்டதையெல்லாம் படிக்காமலே போட்டிருக்கிறார், பாவி.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு ஒரு போன்கூட வராதா?"

இவர் எழுந்து போய்விட்டால் எல்லாம் போச்சு. நறுக்கென்று நாலு கேட்க வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர் கை பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது. டன் கணக்கில் எடையை அலுங்காமல் இறக்கி வைக்கிற கை.

"முதல் போன் உங்களுக்குத்தான் மாமா. அப்புறம்தான் அக்காவுக்கு."

போட்டார். நோட்டரி அம்மா அவர் அடையாள அட்டையோடு ஒத்துப்பார்த்து முத்திரையை அழுத்தினார். வாசல்வரை வந்த மாமா, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"அவ வலது பக்கம்தான் படுப்பா. சின்னதுலேருந்தே அப்படித்தான். தூக்கத்துல அந்தக் காது மேல திரும்பிடாம பாத்துக்கோ."

தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினேன். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையோடு ஒரே கட்டிலில் படுக்கிறவள் நான். அவள் எந்தப் பக்கம் படுப்பாள் என்று எனக்குத் தெரியாது.