ப்ரேமிலா கொல்லாத வண்டுகள்

பா ஊரில், ரராவாய் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில், முயலும் லவ்பேர்ட்ஸும் வளர்ப்பவர்களுக்குத் தீனி விற்றவள் ப்ரேமிலா. குட்டிக் கடைதான். ஆனால் தினையை முறத்தில் புடைக்காமல் பையில் கட்ட மாட்டாள். அவள் தீனியைத் தின்ற பறவை சீக்கில் விழாது என்று பெயர். அந்தப் பெயரால்தான் பிழைப்பு ஓடியது.

இரண்டாயிரத்தில் அந்தத் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமரைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்தார்கள். ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். எதிர்க்கடை ஷைலேந்திராவுக்கும் ஆக்லாந்து விசா வந்தது. தூரத்துச் சொந்தம், வாய் நிறைய அக்கா என்பான். கிளம்பும் முன், மிச்சமிருந்த தினை மூட்டைகளை அவள் கடையில் இறக்கினான்.

"சும்மாவே வெச்சுக்கோ அக்கா. உனக்கில்லாம யாருக்கு?"

ப்ரேமிலா உருகிப்போனாள். கொடுத்த கையைச் சந்தேகப்படுவதா என்று மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவன் வீட்டுச் சாமான் அடைத்த மரப்பெட்டியைப் பின்னால் கப்பலேற்றும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டாள்.

அவன் விமானமேறிய கொஞ்ச நாளில் கடை முழுக்க அந்துப்பூச்சி பறந்தது. தினையில் புழு நூல் கட்டியிருந்தது. முயல் தீனியை வண்டு துளைத்து மாவாக்கியிருந்தது. வாங்கிப்போனவர்கள் பையைக் கொண்டுவந்து வீசினார்கள். பக்கத்துக்கடைத் தையற்காரன் கமலேஷ்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அரே அக்கா, அது புழுத்த சரக்குன்னு அவனுக்குத் தெரியும். நான் இல்லாத ஊர்ல அவ எப்பிடி யாபாரம் பண்றான்னு பாக்கறேன்னு சிரிச்சான்."

வயிறு எரிந்தது அவளுக்கு. அதிலும் கொடுமை, மாரியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டிய கை எறும்பைக்கூட நசுக்கக் கூடாது. மூட்டையை வெயிலில் காயவைத்தால் பூச்சி செத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. கொல்லத்தானே கூடாது? ஊர் விட்டு ஊர் அனுப்பக் கூடாதென்று அம்மன் எங்கே சொன்னாள்?

வண்டுகளைக் கோழி இறகால், ஒன்றுக்கும் கால் ஒடியாமல், தினையோடு கூட்டி அள்ளினாள். ஷைலேந்திராவின் பெட்டியைத் திறந்து சேலை மடிப்பு, மெத்தை உறை, ஹார்மோனியம் எல்லாவற்றிலும் குடிவைத்தாள். நியூசிலாந்துத் துறைமுகத்தில் ஒரு விதை கிடைத்தாலே பெட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"பத்திரமா போய்ச் சேருங்க" என்று ஆணி அடித்தாள்.

மனசில் அழுக்கோடு இறங்கினால் தீ சுடும் என்பார்கள். சுட்டது. பூக்குழியில் இறங்கியவர்களில் அவள் காலில் மட்டும் கொப்புளம். விரதத்தில் என்ன குறை என்று பூசாரி கேட்டார். ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டு நொண்டியபடி வீடு வந்தாள்.

புண் ஆறுவதற்குள் ஆக்லாந்திலிருந்து போன் வந்தது. ஷைலேந்திரா அழுதான்.

"பொட்டி பூரா வண்டு அக்கா. எல்லாத்தயும் கொளுத்திட்டாங்க."

"ஐயோ தம்பி. எதெது எரிஞ்சது? ஒண்ணு விடாம சொல்லு."

பக்கத்தில் நாற்காலி இருந்தது. புண்காலில் நின்றபடியே கடைசிச் சாமான் வரைக்கும் கேட்டாள்.

"எல்லாம் உன் வண்டுதாண்டா. நான் ஒண்ணக்கூடக் கொல்லல" என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.