மூன்றாம் எண்ணில் பத்து விநாடி

எங்கள் ஊர் சான் எபிகமெனியோவில் எந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிரம்பினாலும் பெரிய விழா எடுப்பார்கள்; அதில் கேக் என்னுடையது, படம் டெல்ஃபினாவுடையது. இருபது வருஷமாக இதுதான் ஏற்பாடு. அவள் என் மூத்தவனுக்கு ஞானத்தாய் வேறு. அதனால் அவளைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு.

போன விழாவில் கோட்டை விட்டாள். அப்பா மண்டியிட்டு, மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் முறையாகக் குதிகால் செருப்பை மாட்டிவிடுவாரே, அதைப் பார்க்கத்தான் ஊரே கூடும். இவளோ புது கேமராவில் வெளிச்சத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று திருகிக்கொண்டே நின்றாள். நிமிர்ந்து பார்த்தால் பெண் ஆடப் போய்விட்டாள்.

அடுத்த விழா கசாப்புக்கடை எவோதியோ வீட்டில். பெற்ற தாய் சாவிலேயே கண் கலங்காத மனுஷன். ஐந்து பெண்கள், மூத்தவள் நயேலி. எலும்பை வெட்டிக்கொண்டே சொன்னார்: "டெல்ஃபினா, செருப்புப் படம் மட்டும் தவறுச்சு, மத்த நாலு பொண்ணுக்கும் பக்கத்து ஊர்க்காரனக் கூப்பிட்டுருவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அவர் போனால் ஊரே பின்னால் போகும். ஸ்டூடியோவைப் பூட்ட வேண்டியதுதான்.

டெல்ஃபினா ஒரு மாதம் என் சமையலறையிலேயே கிடந்தாள். கேமராவின் தலையில் இருக்கும் சக்கரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். வேண்டியதையெல்லாம் அமைத்து ஓர் எண்ணில் சேமித்துவிட்டால், பிறகு அந்த எண்ணுக்குத் திருப்பினாலே போதும், அத்தனையும் வந்து நிற்கும். ஒன்று, இருட்டான மாதா கோயிலுக்கு. இரண்டு, புகை விடும் நடனத்துக்கு. மூன்று, செருப்புக்கு.

"நீ கொஞ்சம் மண்டி போடுடீ, எடுத்துப் பாக்கறேன்" என்றாள்.

"முட்டி வலிக்குது, போடீ. அடுப்புல பால் பொங்குது."

என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மண்டி போட ஆளில்லாமல் அவள் நாற்காலியில் மாவு மூட்டையை உட்காரவைத்து, கேமராவை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, பத்து விநாடி பீப் அடித்துவிட்டுத் தானே படம் எடுக்கிற செல்ஃப் டைமரைத் தட்டிவிட்டு, ஓடிப்போய்த் தானே மண்டியிட்டாள். படம் பளிச்சென்று வந்தது. குதித்துக்கொண்டே மூன்றில் சேமித்தாள்.

"எல்லாம் ஏறிருச்சா?"

"ஒண்ணு விடாம ஏறிருச்சு!"

பாவி, உண்மையைத்தான் சொன்னாள்.

விழாவன்று கோயிலில் ஒன்றாம் எண் அமர்க்களம். பாதிரியார்கூட படத்தில் அழகாக விழுந்தார். பிறகு மண்டபம். நயேலி நாற்காலியில் உட்கார்ந்தாள். எவோதியோ மண்டியிட்டு, செருப்பை மாட்டி, மகளின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி நிமிர்ந்தார். டெல்ஃபினா மூன்றுக்குத் திருப்பி அமுக்கினாள்.

பீப். பீப். சிவப்பு விளக்கு மினுக்கியது. படம் விழவில்லை.

அணைத்துப் போட்டாள். சக்கரம் மூன்றிலேயே இருந்ததே! மறுபடியும் பீப்.

"ஐயோ கடவுளே, இந்த டைமர் எங்கிருந்து வந்துச்சு!"

"ஒண்ணுக்குத் திருப்புடீ!" என்று கேக் மேஜையிலிருந்து கத்தினேன். அவள் காதில் எங்கே விழுந்தது? எவோதியோ எழுந்திருக்கப் போனார்.

"அசையாதீங்க!" என்று டெல்ஃபினா அலறிய அலறலில் வாத்தியக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். "பத்தே செகண்டு! அப்படியே அவ முகத்தப் பாருங்க!"

இருநூறு பேர் நடுவில் பீப் மட்டும் கேட்டது. கடை வேலையில் ஒரு நிமிஷம் நிற்கவும் நேரமில்லாத மனுஷன், வேறு வழியில்லாமல் மகளைப் பார்த்தார். ஐந்தாவது பீப்பில் மீசை துடித்தது. எட்டாவதில் உதடு கோணியது. பீப் வேகமெடுத்தது, அவர் விம்மியது எல்லோருக்கும் கேட்டது, அப்போது விழுந்தது படம்.

எவோதியோ எழுந்து கேமராவை எட்டிப் பார்த்தார். "அத அழி."

டெல்ஃபினாவின் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

"அழிச்சா இதக் கழட்டிட்டு என் பழைய செருப்பையே போட்டுக்குவேன்பா" என்றாள் நயேலி. அவள் கன்னமும் நனைந்திருந்தது.

எவோதியோ மூக்கைச் சிந்தினார். "பெருசாப் போட்டுக் குடு" என்றார். படம் இப்போது கடையில், இறைச்சி தொங்கும் கொக்கிகளுக்கு மேல் இருக்கிறது. அழுதீங்களா என்று யாராவது கேட்டால் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார்.

மறுநாளே டெல்ஃபினா மூன்றாம் எண்ணிலிருந்து டைமரை எடுத்துவிட்டாள். அடுத்த மாதம் பஸ் ஓட்டுகிற க்ரெசென்சியோ மகளுக்குச் செருப்பு மாட்டினார். டக்கென்று ஒரே அமுக்கு, அருமையான படம்.

க்ரெசென்சியோ எழுந்திருக்கவில்லை. கையில் மகளின் காலோடு அப்படியே இருந்தார்.

"என்னக்கா, அவ்வளவுதானா? எவோதியோவுக்குப் பத்து செகண்டு குடுத்தீங்க. எனக்கு இருக்கிறதே ஒத்தப் பொண்ணுக்கா."

டெல்ஃபினா என்னைப் பார்த்தாள். பிறகு டைமரைப் போட்டு, மூன்றாம் எண்ணில் மறுபடியும் சேமித்தாள்.