எவெர்ட் வீட்டு இரண்டாவது கோப்பை

குன்வோரின் குடியைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு உரித்தவள் அவள். புருஷன், பிள்ளை கிடையாது. ஏரிக்கு அந்தப் பக்கம், பெற்றோர் வீட்டில் தனியாக இருக்கும் அண்ணன் எவெர்ட் ஒருவன்தான் உறவு. சனிக்கிழமை தவறாமல் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். இருவரும் பேசாமல் காப்பி குடிப்பார்கள். எங்கள் வடக்கு ஸ்வீடனில் பாசம் என்றால் அதுதான்.

ஓய்வு பெற்றதும், நூலகத்தில் நடந்த புகைப்படக் கதை வகுப்பில் அவளும் நானும் சேர்ந்தோம். சொல்லிக்கொடுத்த யோக்கிம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். படத்தில் தெரிவதை எழுதாதீர்கள், தெரியாததை எழுதுங்கள். சனியன் பிடித்த பாடம்.

குன்வோர் அண்ணனின் மேஜையைப் படம் எடுத்து வந்தாள். எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு அவன் தலையாட்டினானாம். அவளுடையது போக இரண்டு கோப்பைகள், ஒன்றில் காப்பி தொடப்படாமல் இருந்தது. அடியில் 'காலைக் காப்பி' என்று எழுதியிருந்தாள்.

"அதுதான் பாத்தாலே தெரியுதே. ரெண்டாவது யாருக்குடி?" என்று கேட்டது நான்தான்.

பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள். 'அம்மா செத்துப் பதினொரு வருடம். அண்ணன் இன்னும் அவளுக்குக் காப்பி ஊற்றுகிறான்.' யோக்கிமுக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் கைதட்டினோம். படத்துக்குச் சரி, இந்த வார்த்தைக்கு அவனைக் கேட்டாயா என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எங்கள் படங்களை வைத்து நூலகத்தில் நடந்த கண்காட்சிக்கு எவெர்ட் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வரவும் இல்லை. ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை அந்தப் படத்தையும் வரியையும் அப்படியே போட்டது. பத்திரிகை அவன் வாசலுக்கே போயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவன் கதவில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. ஆள் இல்லை, திரும்பிப் போ என்பதற்கு எங்கள் பக்கத்து அடையாளம் அது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. குன்வோர் ரொட்டிப் பையைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் பை நனைந்து அங்கேயே கிடந்தது, துடைப்பமும் நகரவில்லை. பாவி, அதையும் படம் எடுத்தாள்.

வகுப்பில் காட்டியபோது, பிரமாதம், இதற்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்றான் யோக்கிம். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. என்னையும்தான்.

"எழுத வேண்டியதை முன்னாடியே எழுதித் தொலைச்சிட்டேனே," என்றாள் குன்வோர்.

இரண்டு வருடமாகிறது, எவெர்ட் கதவு இன்னும் திறக்கவில்லை. சனிக்கிழமை இப்போதும் ரொட்டி சுடுகிறாள். என்னிடம் கொண்டுவந்து தருகிறாள்.