குவாத்தமாலா காப்பியில் ஆரஞ்சு தேடினோம்

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். போன குற்றாலச் சீசனில் லீவுக்குத் தென்காசி வந்தபோது, குவாத்தமாலாவிலிருந்து ஒரு பாக்கெட் காப்பித்தூள் கொண்டுவந்தான். கப்பல் அங்கே நின்ற நாட்களில் மலைமேல் ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கிறான். எதிரே எரிமலை புகைந்துகொண்டிருக்க, பெண்கள் அவர்கள் பாட்டுக்குச் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தார்களாம்.

பாக்கெட்டில் ஆரஞ்சு, சாக்லேட், மல்லிகை என்று போட்டிருந்தது. அதைக் கேட்டதும் என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இதெல்லாம் உள்ள கலந்திருக்கானா?”

“ஒண்ணும் கலக்கல மாமா. அந்த மண்ணு, மலை உயரம், கொட்டையக் காயப்போடுத விதம், எல்லாம் சேந்து அப்படி ருசி வருது” என்றான் தம்பி.

“கலக்காம எப்படிலே வரும்? பாத்துருவோம்.”

மறுநாள் காலையே விசாரணை தொடங்கிவிட்டது. வழக்கம்போல் ஃபில்டரில் இறக்கி, பாலும் சீனியும் சேர்த்துக் கொடுத்தேன்.

“ஆரஞ்சு தலைமறைவா இருக்கு” என்றார் மாமா.

சாக்லேட் தெரிவதாக என் கணவர் சொன்னார். அப்போதுதான் கிரீம் பிஸ்கட் தின்றிருந்ததால் அவர் சாட்சியம் செல்லவில்லை. பால் விடாமல் குடிக்கச் சொல்லித் தம்பி கெஞ்சினான்.

“கடுங்காப்பி குடிக்க எனக்கென்ன காய்ச்சலா அடிக்கி?”

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். தம்பி ஃபிளாஸ்க்கில் கடுங்காப்பியே கொண்டுவந்திருந்தான். சாரலில் பல் கிடுகிடுக்க வந்த மாமாவுக்குச் சூடாக ஏதாவது தொண்டையில் இறங்கினால் போதும் என்றிருந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாயில் நின்றுவிட்டார்.

“ஏலே, இது ஆரஞ்சு இல்லலே. நார்த்தங்கா!”

நானும் குடித்தேன். கசப்பு இறங்கியபின் நாக்கோரம் மெல்லிய புளிப்பு. நார்த்தங்காய்த் தோலைக் கீறியதும் எழும் அதே வாசம். எனக்குச் சிலிர்த்தது, ஈரத்துணி மட்டும் காரணமில்லை.

“அங்க உள்ளவன் நார்த்தங்காயப் பாத்திருக்க மாட்டான், பாவம்” என்றார் மாமா.

பிறகென்ன, தம்பி கப்பலுக்குத் திரும்புவதற்குள் மாமாவோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து ருசி பார்த்தார்கள். தலையாட்டாதவருக்கு இன்னொரு டம்ளர். ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்து, “அண்ணாச்சி, கசாயம் மாதிரில்லா இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

இப்போதும் அவர் வந்தால், “மோர் குடுத்து அனுப்பும்மா” என்கிறார் மாமா.