ஒலிபெருக்கியில் கேட்ட வருமானம்

வருமான வரி என்பது வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுவது என்றொரு நம்பிக்கை உலகில் பரவியிருக்கிறது. மனித குலத்தின் நன்மை கருதி அதைத் திருத்துவது என் கடமை: அது சத்தத்தைக் கேட்டு விதிக்கப்படுவது. தொண்ணூறுகளின் கடைசியில், அட்டனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்துகொண்டு, பிறருடைய வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. படிவத்தைக் கண்டதும் நெஞ்சடைக்கும் அன்பர்களே, உங்களோடு நானும் அடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருவிழா

ஹனீபா நானாவின் பலசரக்குக் கடை தேயிலைத் தோட்டத்து வாசலில் இருந்தது. லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்துச் சனங்களுக்குச் சம்பள நாள் வரை அரிசி கடனாகக் கொடுப்பார். அந்தக் கடன் நின்றால் மாதக் கடைசியில் பாதி லயத்தில் உலை ஏறாது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அவர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். கோயில் தலைவர் மாரிமுத்து ஒலிபெருக்கியில் இருபதாயிரம் என்று முழங்கினார். அது அங்கே வழக்கம். கேட்பவர்கள் தாங்களாகவே ஒரு சைபரைக் கழித்துக்கொள்வார்கள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“உள்ளத சொன்னா அடுத்த கடைக்காரரு அம்பது ரூவாய நீட்டுவாருங்க. சாமி காரியத்துல ஒரு சைபருக்கெல்லாமா கணக்கு பாப்பாங்க?”

அதிகாரி

புதிதாக மாற்றலாகி வந்த வரி அதிகாரிக்குக் கழிக்கத் தெரியாது. தன் அறையிலிருந்தே ஒலிபெருக்கியைக் கேட்டிருக்கிறார். கோயிலுக்கு இருபதாயிரம் கொடுப்பவரின் வருமானம் படிவத்தில் இவ்வளவு மெலிந்திருப்பதேன் என்று நானாவை அழைத்துவிட்டார். நானாவுக்காகப் பேச நான் போனேன். அதிகாரியும் என்னைப் போல் யாழ்ப்பாணத்தார். சைபரின் தத்துவத்தை விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கோயிலிலை நிண்டு பொய் சொல்லுவினமே, தம்பி?”

சாட்சி

இனி மாரிமுத்துவே வந்து உண்மையைச் சொன்னால்தான் உண்டு. நாங்கள் சொல்லிக்கொடுத்ததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, திருநீறு பூசி, சலவைச் சட்டையோடு வந்தார். அதிகாரி உதட்டைச் சுழித்தபடி, “உங்கடை நானா வெறும் இரண்டாயிரந்தான் தந்தவராமே?” என்று கேட்டார்.

அந்த ‘வெறும்’ மாரிமுத்துவைச் சுட்டுவிட்டது. நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பயனில்லை.

“யாரப் பாத்து வெறும் ரெண்டாயிரங்கிறீங்க? எங்க நானா இருபதாயிரம் என்னாங்க, அதுக்கு மேலயும் குடுப்பாரு! அவரு கடன் குடுக்காத வீடு எங்க லயத்துல ஒண்ணு இருக்கா, கேட்டுப் பாருங்க!”

படிக்கட்டில்

வரி பல மடங்கு ஏறியது. இறங்கி வரும்போது நானா மாரிமுத்துவை ஒரு வார்த்தை கடியவில்லை. அந்த அதிகாரி எவ்வளவு வரி கட்டுகிறார் என்று மட்டும் என்னைக் கேட்டார். அரச ஊழியரின் சம்பளத்துக்கு அந்நாளில் வருமான வரி கிடையாது. சொன்னேன்.

“அப்ப அடுத்த திருவிழாவில அவர்ட பேரயும் மைக்கில சொல்ல வைங்க, மாஸ்டர்.”

ஒவ்வொருவரும் வரி கட்டத்தான் வேண்டும் என்பதே இன்றும் என் கட்சி. பழைய அரசர்களும் ஆறில் ஒன்று வாங்கினார்கள். ஆனால் களத்தில் நெல்லைப் பார்த்துவிட்டு வாங்கினார்கள்.

நானா வரியைத் தவணையில் கட்டத் தொடங்கினார். அந்த மாதக் கடைசியில் அரிசிக்கு வந்த மாரிமுத்துவின் மனைவி, வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு லயத்துக்கு ஏறிப் போனார்.