கடலாக இருந்த ஊரில் உப்பு எங்கே போனது?

"அப்பா, மங்கை டீச்சர் நம்மள வுட்டுப் போயிட்டாங்க" என்று என் மகள் கவிதா செல்போனில் சொன்னபோது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியோடு ஃபேக்டரி வாசலில் வரிசையில் இருந்தேன். வரிசை நகர்ந்தது தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத்தான் வண்டியை எடுத்தேன்.

வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதிக்காத பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட பள்ளி டீச்சருடையது, அவரை அறிந்த உங்களுக்கே தெரியும். பாதி நாள் பாடம். மீதி நாள் பிள்ளைகள் வயலுக்கும் சுரங்கத்துக்கும் போய் ஒரு விஷயத்தைத் தாங்களே கண்டுபிடித்து வருவார்கள். அதற்குப் பெயர் புராஜெக்ட். "சனிக்கிழமை புராஜெக்ட், அப்பா அம்மா வரணும்" என்று கவிதா சொன்னதும், புராஜெக்டரில் படம் காட்டப் போகிறார்கள் என்று வறுத்த கடலையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தவன் நான். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவனுக்கு அவ்வளவுதான் எட்டும். டீச்சர் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் கொஞ்சம் கடலை வாங்கிக்கொண்டார்.

படத்துக்குப் பதில் என் மகள் வந்து நின்றாள். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, சுரங்கத்துக் கல்லில் தெரியும் சுருள் எல்லாம் கடல் பிராணிகளின் கூடு என்றாள். அத்தனை வருடம் கடலைத்தான் லாரியில் ஏற்றியிருக்கிறேன்!

"பெத்தவங்க கேள்வி கேக்கணும்" என்றார் டீச்சர். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். "இங்க நீங்க கேக்காம வுட்டா, காலேஜ்ல வேற யாராச்சும் கேப்பாங்க. புள்ள பயந்துடும்."

எழுந்தேன். "கடலா இருந்துச்சுன்னா, உப்பு எங்கம்மா போச்சு?"

"யோவ், உன் வூட்டுக் கொழம்புலதான் போயிருக்கு!" என்று என் மச்சான் கத்த, ஹாலே சிரித்தது.

"தெரியலப்பா" என்றாள் கவிதா, கண் கலங்க.

டீச்சர் கை தட்டினார். "தெரியலன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டல்ல, பாதிக் காலேஜ் முடிஞ்சிடுச்சு. மீதியத் தேடிக் கண்டுபுடி."

கண்டுபிடித்தாள். "மழை கரைச்சு எடுத்துட்டுப் போயிடுச்சுப்பா. ஒரு மழை இல்ல, கணக்கில்லாத மழை."

பிறகு திருச்சியில் மண்ணும் கல்லும் பற்றிய படிப்பிலேயே சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில் போன் வந்தது. "எல்லாம் இங்கிலீஷுப்பா. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." பையோடு கிளம்பியவன், பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் டீச்சரிடம் சொல்லிக்கொள்ள நின்றேன்.

"நீங்க போய் நின்னா அவ பஸ் ஏறிடுவா, அண்ணே. அப்புறம் திரும்பிப் போவ மாட்டா."

"அழுவுது டீச்சர்."

"அழுவட்டும். இன்னிக்கு என்ன பாடம்னு போன்ல கேளுங்க. அப்பனுக்குப் புரிய வைக்கப் போனா அவளுக்குப் புரிஞ்சிடும்."

கேட்டேன். தமிழில் சொன்னாள். எனக்குத்தான் சட்டென்று எதுவும் புரியாதே, அதனால் திரும்பத் திரும்பக் கேட்டேன். மண்டை மந்தமாக இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு என்று அப்போது கண்டேன். கவிதா பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அன்று டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்களும் பாஸ், அண்ணே" என்றார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேட்கிற வாய்தான். ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் இப்போது நான் கைகட்டி நிற்பதில்லை, "ஏன் சார்?" என்கிறேன். எல்லா நேரமும் பதில் வருவதில்லை. ஆனால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார்.